மூச்சுக்குறி

பதினேழாவது சுரத்தில் மூச்சு எடுத்தால் என்ன என்று சலேத்துக்குத் தோன்றியபோது, ஆயர் மறையுரையைத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. பதினேழில் மெட்டு ஒரு படி இறங்குகிறது. படியில் கால் வைத்துச் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொள்வதுபோல ஒரு சின்ன நிற்பு அங்கே இருக்கிறது. அங்கே எடுத்தால் யாருக்கும் தெரியாது. தெரியாதா? ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் இந்த அடைப்பு மடத்துக் கோவிலில் எது கேட்காது? உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். பீடத்துக்கு இடப்பக்கம் சுவர் முழுக்க ஒரு கம்பிக் கதவு, அதற்கு அந்தப் பக்கம் பதினாறு கன்னியாஸ்திரிகள். மௌனத்திலேயே வாழ்கிறவர்களுக்கு மூச்சு எடுப்பது என்ன, எடுக்க நினைப்பதுகூடக் கேட்டுவிடும். அந்தப் பதினாறு பேரில் ஒருத்தி பிரகாசி. இன்று அவள் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறாள், சாகும்வரை ஆண்டவருக்கே மணமகள் என்று. நன்மை அப்பம் வழங்கி முடிந்ததும் சலேத் எழுந்து தனியாகப் பாடவேண்டும். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு குளிர் தேசத்து மடத்தில் ஒரு கன்னியாஸ்திரி மாதாவுக்காகக் கட்டிய லத்தீன் பாட்டு. முதல் சொல் ‘ஓ’. அந்த ஒரு ‘ஓ’வுக்கு மட்டும் நாற்பத்தொரு சுரம். ஒரு மூச்சில் நாற்பத்தொன்று வராது. இரண்டு வாரமாகப் பார்த்துவிட்டாள், நன்றாக நிதானமாகப் பாடினால் முப்பதுக்குள் நெஞ்சு அடைத்துவிடுகிறது. வேகமாகப் பாடினால் முடிந்துவிடும், ஆனால் அது பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல் இருக்கிறது, மாதாவைக் கூப்பிடுவதுபோல் இல்லை. நடுவில் ஓரிடத்தில் எடுத்தே ஆகவேண்டும். எங்கே எடுத்தாலும் அங்கே பாட்டு அறுந்துவிடும். எங்கே அறுப்பது? பதினேழிலா, இருபதிலா? பக்கத்தில் ஒரு முழங்கை அவள் விலாவில் இடித்தது. பிரகாசியின் அம்மா மரியதங்கம். அரக்கு நிறப் பட்டுச்சேலை, தலையில் கனகாம்பரம். “இந்தச் சாமி எப்பத்தா முடிப்பாரு? பந்தியில உக்கார வச்சிட்டு எலை போடாத கதையால்ல இருக்கு.” சலேத் “ஷ்” என்றாள். “என்னத்த ஷ்ஷு. கல்யாணம்னுதான கூப்பிட்டாக. நானும் பட்டுக் கட்டிக்கிட்டு வந்துட்டேன். மாப்பிள்ளதான் கண்ணுக்குத் தெரியல.” சொல்லிவிட்டு மரியதங்கமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடிந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. எவ்வளவு அழகாக மூச்சு மாற்றுகிறார் என்று சலேத் நினைத்தாள், உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

கையில் இருந்த தாள் வியர்வையில் நனைந்திருந்தது. நகலுக்கு நகல் எடுத்த தாள். நான்கு கோடுகள், அவற்றின்மேல் சதுரம் சதுரமாகச் சுரங்கள், மாடியில் வெயிலுக்குக் காயப்போட்ட வடகம்போல. கல்லூரி விடுதியின் பாடகர் குழுவில் இதை முதலில் பார்த்தபோது பிரகாசி அப்படித்தான் சொன்னாள், “சிஸ்டர், வடகத்தைக் காக்கா தூக்கிட்டுப் போயிடப் போகுது.” பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஜஸ்டினா சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிக்கமாட்டார், ஆனால் அடுத்த வியாழக்கிழமை பயிற்சிக்கு வரும்போது “வடகத்த எடுங்க” என்பார். கரும்பலகையில் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிப்போட்டார். எட்டுப் பெண்கள், எட்டு விதமாகப் படித்தார்கள். அர்த்தம் ஒரே ஒருமுறை சொன்னார், மூடியே இருந்தும் வெளிச்சத்தை உள்ளே விட்ட வாசலே என்று மாதாவைக் கூப்பிடுகிற பாட்டு. அதற்கப்புறம் அர்த்தம் பேசவில்லை, பென்சிலை எடுத்துச் சதுரங்களுக்கு எண் போட்டார். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை. எட்டுப் பேரில் அந்த உயரத்துக்கு எட்டியது இரண்டு குரல்தான், சலேத்துடையதும் பிரகாசியுடையதும். அதனால் ‘ஓ’ அவர்கள் இருவருக்கு, மீதிப் பாட்டு எல்லாருக்கும். “ஒரு மூச்சுல வராது சிஸ்டர்” என்று சலேத்தான் பயந்துபோய்ச் சொன்னாள். அவள் எதற்கும் பயப்படுகிறவள். சிஸ்டர் ஜஸ்டினா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “வரக் கூடாதுன்னுதான் எழுதியிருக்காங்க போல. மடத்துல யாரு தனியாப் பாடப்போறா? ஒருத்தி வாய மூடுனா பக்கத்துல நிக்கிறவ பிடிச்சிக்கணும். கேக்கிறவங்களுக்கு ஒரே ஆள் மூச்சே விடாமப் பாடுற மாதிரி இருக்கணும்.” பிறகு இரண்டு தாளிலும் இரண்டு குறி போட்டார். பிரகாசி பதினொன்றிலிருந்து பதினைந்துவரை வாய் மூடி மூச்சு எடுக்கவேண்டும், அந்த ஐந்தையும் சலேத் பாடிக் காப்பாற்றவேண்டும். சலேத் இருபத்துநான்கிலிருந்து இருபத்தெட்டுவரை எடுக்கவேண்டும், அங்கே பிரகாசி. மூச்சு எடுத்தவள் கடைசிச் சுரத்திலேயே திரும்ப வந்து சேர்ந்துகொள்ளவேண்டும், அப்போதுதான் தையல் தெரியாது. தையல் தெரியாது என்றுதான் சொன்னார், தையல்காரம்மா மாதிரி.

அதனால் சலேத் இந்தப் பாட்டை ஒருமுறைகூட முழுதாகப் பாடியதில்லை. மூன்று வருஷம், எத்தனையோ வியாழக்கிழமைகள், எத்தனையோ திருநாள்கள், ஆனால் இருபத்துநான்கிலிருந்து இருபத்தெட்டுவரை அவளுடைய தொண்டைக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். காதில் அது பிரகாசியின் குரலில் இருக்கிறது, லேசாக மூக்கில் இழைகிற குரல், பயிற்சிக்கு முன்னால் வாயில் அடக்கிக்கொள்ளும் தேன்மிட்டாயின் சாயம் ஒட்டிய குரல். இரண்டு வாரமாக அலுவலகத்து மாடிப்படியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த ஐந்தையும் பழகினாள். வந்தது. ஆனால் அடுத்தவள் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பதுபோல் இருந்தது. காவலாளி அண்ணன் கீழேயிருந்து எட்டிப்பார்த்து, “என்ன மேடம், ரெண்டு நாளா ஓ… ஓன்னு யாரையோ கூப்பிடுறீங்க, அவுக இன்னும் வரலையா?” என்று கேட்டார். வரவில்லை அண்ணே. எது தெரியும், எது தெரியாது என்று யாராவது ஒருநாள் தாளை எடுத்துவைத்துக் கேட்டால் தன்னிடம் எல்லாவற்றிலும் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று சலேத்துக்கு எப்போதும் ஒரு பயம். காப்பீட்டு அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போது எல்லாரும் சிரிக்கிற இடத்தில் ஒரு நொடி தள்ளிச் சிரிக்கிறாளே, அந்த ஒரு நொடி. விடுதிக்கு வந்த முதல் நாள் படிவத்தோடு ஒரு சான்றிதழ் இணைக்கச் சொன்னார்கள், முதல் தலைமுறைப் பட்டதாரி என்று. வரிசையில் முன்னால் நின்ற பெண்ணும் அதே தாளை வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்து, “உங்க வீட்லயும் உனக்கு முன்னாடி ஒருத்தருமில்லையா?” என்றாள். “இல்ல.” “அப்ப நம்ம ரெண்டு பேரும் ஆதாம் ஏவாள்டீ. பாம்பு எங்க இருக்குன்னு மட்டும் பாத்துக்கணும்.” அதுதான் பிரகாசி. பெயர் தெரிவதற்கு முன்பே ‘டீ’ போட்டுப் பேசியவள். அந்த மதியம் சாப்பாட்டறையில் சலேத் முள்கரண்டியைப் பார்த்து விழித்தபோது, பிரகாசி தன்னுடையதை எடுத்துத் தலையில் சீப்புபோல வாரிக்காட்டினாள். மூன்று வருஷமும் சலேத்துக்குத் தெரியாத இடத்தில் பிரகாசி சத்தமாகப் பேசிவிடுவாள், பிரகாசிக்குத் தெரியாததைச் சலேத் இரவெல்லாம் படித்துக் காலையில் சொல்லிவிடுவாள். வெளியே பார்க்கிறவர்களுக்குக் கெட்டிக்காரப் பெண்கள் இரண்டு பேர். உண்மையில் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒருத்தி.

முழங்கை. அதை எப்படி மறந்தாள்? பாடும்போது ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் பிரகாசிக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் ஒட்டி நின்றுகொண்டு, வாய் மூடப்போகிறவள் முழங்கையால் மற்றவளை மெல்ல ஒரு அழுத்து அழுத்துவாள். நான் போகிறேன், பிடித்துக்கொள். திரும்ப வரும்போது இன்னொரு அழுத்து. அந்த முழங்கையின் எலும்பு, தாவணிக்கு மேலே தெரியும் அதன் கருத்த மடிப்பு, துவைத்த துணியின் சொட்டுநீல வாசம். தேவாலயத்தின் தகரக் கூரையில் மழை விழும் வியாழக்கிழமைகளில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது, அப்போதும் முழங்கை போதும். இருபத்துநான்கில் தன் வாய் மூடிக்கொள்ள, தான் பாடிக்கொண்டிருந்த அதே சொல் தனக்கு வெளியே நிற்காமல் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டபடி மூச்சை இழுப்பாளே, அந்த ஐந்து சுரம். அவ்வளவு பத்திரமாக அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் எங்கேயும் இருந்ததில்லை. அது பாடுகிற நேரத்தில்கூட இல்லை, பாடாமல் இருந்த அந்த நேரத்தில். “ஏத்தா, எந்திரி” என்று மரியதங்கம் இடித்தார். அதே எலும்பு. எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

கம்பிக் கதவை இன்று விரியத் திறந்துவைத்திருந்தார்கள், வாசலில் ஒரு கயிறுகூட இல்லை, ஆனாலும் யாரும் தாண்டமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆயர் கேட்டார், பிரகாசி பதில் சொன்னாள். ஒலிபெருக்கி இல்லாத சின்னக் குரல். “அருட்சகோதரி திருச்சிலுவையின் மார்த்தா” என்று மடத்துப் பெயரில் அழைத்தார்கள், சலேத் ஒரு கணம் வேறு யாரோ என்று எட்டிப்பார்த்தாள். பிறகு அந்தப் பழுப்பு அங்கி தரையில் குப்புறப் படுத்தது. நெற்றி தரையில், கைகள் சிலுவைபோல் விரிந்து. மன்றாட்டுமாலை தொடங்கியது. ஒவ்வொரு புனிதராகக் கூப்பிட்டார்கள், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். சலேத்துக்குத் தெரிந்தது பாதங்கள் மட்டும். செருப்பு கழற்றிய இரண்டு பாதங்கள், குதிகாலில் அதே பித்தவெடிப்பு. தேர்வுக்குப் படிக்கும்போது மின்சாரம் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, உருகிய மெழுகை அந்த வெடிப்பில் தடவிக்கொள்வாள். “படிப்பும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு.” மரியதங்கம் மன்றாட்டுமாலைக்கு நடுவே, யாரிடமும் இல்லாமல், “சிமெண்டுத் தரை, சில்லுனு இருக்குமே” என்றார். பிறகு சலேத்தின் பக்கம் திரும்பி, “உனக்கு முன்னாடியே தெரியுமாத்தா? உங்கிட்டச் சொன்னாளா?” என்றார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். “நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டிருப்பா. எங்க யாரு பேச்சயும் கேக்கமாட்டா, சலேத்து சலேத்துன்னுதான் லீவுக்கு வந்தாலும்.” எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஒரு வார்த்தை சொன்னேன் அம்மா. சொல்லத்தான் செய்தேன்.

விடுதி மாடி. துணி காயப்போடும் கயிறுகள், இரண்டு பேரும் ஒரு போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள், பிப்ரவரி, மூன்றாம் வருஷம். போர்வையை முறுக்கிக்கொண்டே பிரகாசி சொன்னாள், “நான் மேற்படிப்புக்கு வரல சலேத்து. மடத்துக்குப் போறேன். சாதாரண மடமில்ல, உள்ள போனா வராத மடம்.” இருவரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டிருந்தார்கள். ஒரே ஊரில் ஒரே அறை எடுப்பது, ஒரு மின்சார அடுப்பு வாங்குவது, சலேத் குழம்பு வைப்பது, பிரகாசி பாத்திரம் கழுவாமல் ஏமாற்றுவது வரை பேசியாகியிருந்தது. போர்வையிலிருந்து நீர் சொட்டியது. சலேத் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. “உனக்குப் பரீட்சைப் பயம்டீ. வெளிய வந்தா ஒண்ணும் தெரியாதவன்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயம். அதான் யாரும் கேள்வி கேக்காத எடமாப் பாத்து ஒளியிற.” அது அவளைப்பற்றியே அல்ல. ஒவ்வொரு சொல்லும் சலேத்தைப்பற்றித்தான். பிரகாசி போர்வையின் முனையை விடவில்லை. கடைசிவரை பிழிந்து, உதறி, கயிற்றில் போட்டு, கிளிப்பு மாட்டிவிட்டுத்தான் கீழே போனாள். ஒரு வசவாவது வைதிருக்கலாம். எருமை என்றாவது சொல்லியிருக்கலாம். தினமும் சொல்கிற வார்த்தைதானே.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மார்ச் இருபத்தைந்து, மங்களவார்த்தைத் திருநாள், காலைப் பூசை, கல்லூரித் தேவாலயம் நிரம்பியிருந்தது. ஒரு மாதமாக இருவரும் பேசவில்லை, ஆனால் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றாகவேண்டும், பாட்டு அப்படி. ‘ஓ’ தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. பத்தில் முழங்கை வந்தது, எப்போதும்போல, மெதுவாக, கோபமே இல்லாமல். நான் போகிறேன், பிடித்துக்கொள். அந்தக் கோபமில்லாமைதான் பொறுக்கவில்லை. பதினொன்றில் பிரகாசி வாய் மூடினாள். சலேத்தும் மூடினாள். தவறி அல்ல. மறந்து அல்ல. நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. மூடினாள். ஐந்து சுரத்துக்கு அந்தத் தேவாலயத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு குழந்தை இருமியது. வாசலில் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்கள். அவ்வளவு நேரமா ஐந்து சுரம்? அந்த வெட்டவெளியில் எல்லாத் தலைகளும் திரும்பின. பதினைந்தில் சேரவேண்டிய பிரகாசி பதினாறில்தான் நுழைந்தாள், தனியாக, குரல் உடைந்து. பூசை முடிந்ததும் சிஸ்டர் ஜஸ்டினா இருவர் முன்னாலும் வந்து நின்றார், கையில் பென்சில். சலேத் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பாளா, அதுவும் தெரியாது, பிரகாசி சொல்லிவிட்டாள், “நான்தான் சிஸ்டர். தப்பான எடத்துல மூச்சு எடுத்துட்டேன்.” அப்போதும் அவளேதான் பிடித்துக்கொண்டாள். சலேத் சும்மா நின்றாள். மே மாதம் தேர்வு முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதபோது அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறிவிட்டாள். ஆறு வருஷம். கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் பிரகாசியிடமிருந்து ஒரு கடிதம் வரும், மடத்தில் பூசணி காய்த்தது, மதருக்கு முழங்கால் வலி, நீ நலமா என்று. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதத் தொடங்கினால், எதற்கு என்று எழுதவேண்டியிருக்கும், அங்கே பேனா நின்றுவிடும். போன மாதக் கடிதம் சின்னது. ‘என் வார்த்தைப்பாட்டுக்கு அந்த ஓ பாட்டை நீ பாடணும்னு மதர்கிட்டக் கேட்டிருக்கேன். இங்க யாருக்கும் அது தெரியாது. நீ தனியாத்தான் பாடணும். முடியுமா?’ சலேத் ஒரே வார்த்தையில் பதில் போட்டாள். முடியும். பொய். அந்தப் பொய்யைத்தான் இரண்டு வாரமாக மாடிப்படியில் மெய்யாக்கப் பார்த்தாள்.

பிரகாசி எழுந்துவிட்டாள். வெள்ளை முக்காட்டை எடுத்துக் கறுப்பு முக்காடு போட்டார்கள், தலையில் ஒரு பூமுடி. இப்போது முகம் தெரிந்தது. மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். அந்தக் கண்ணாடி எப்போது வந்தது, யார் கடைக்குக் கூட்டிப்போனார்கள், எந்த ஃபிரேம் நன்றாக இருக்கிறது என்று யாரைக் கேட்டாள்? பூசை நகர்ந்தது, மணி அடித்தது, எல்லாரும் முழங்காலில் நின்றார்கள், எழுந்தார்கள். நன்மை வாங்கும் வரிசையில் நின்றபோது சலேத்துக்கு நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது, அப்பம் கரையவே இல்லை. அப்பம் ஒட்டிய வாயோடு எப்படிப் பாடுவது? பதினேழா, இருபதா? இன்று மத்தியானம்வரைதான் இந்தக் கதவு திறந்திருக்கும். பிறகு பார்க்கவேண்டுமென்றால் பார்வை அறை, கம்பி, பக்கத்தில் இன்னொரு சிஸ்டர். அங்கே உட்கார்ந்துகொண்டு மார்ச் இருபத்தைந்தைப்பற்றிப் பேசமுடியாது. பேசத் தெரிந்திருந்தால் ஆறு வருஷத்தில் பேசியிருப்பாள். இந்த நாற்பத்தொரு சுரம்தான் இருக்கிறது. நன்றாகப் பாடிவிட்டால் போதும் என்று நினைத்தாள். பிழையில்லாமல், அறுந்தது தெரியாமல், யாராவது பெரியவர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டும்படி. நினைத்தபோதே அது பாடகிக்கான யோசனை, தேர்வு எழுதுகிறவளின் யோசனை என்று தெரிந்தது. பிரகாசி முடியுமா என்று கேட்டாளே, எதைக் கேட்டாள்? இந்தப் பாட்டு ஒருத்திக்கு முடியாது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் நன்றாகத் தெரியும். “உன்னக் கூப்பிடுறாக தாயி” என்றார் மரியதங்கம். வயதான சிஸ்டர் ஒருவர் பீடத்தின் ஓரத்திலிருந்து தலையை அசைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றாள். கம்பிக் கதவுக்கும் அவளுக்கும் நடுவே எட்டடி இருக்கும். பிரகாசி முழங்காலில் இருந்தாள், தலை குனிந்து, பூமுடி ஒரு பக்கம் சரிந்து. தாளில் பென்சில் எண்கள் மங்கலாகத் தெரிந்தன, சிஸ்டர் ஜஸ்டினா போடும் ஏழு எல்லாம் ஒன்றாம் எண்போலவே இருக்கும். மூச்சை இழுத்தாள். ஓ. ஒன்று, இரண்டு, குரல் நடுங்கியது, மூன்று, நான்கில் நிலைத்தது. கூரை தகரமில்லை, மழையில்லை, மின்விசிறி மட்டும். எட்டு. ஒன்பது. பத்தில் இடது கை தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது, யாரும் இல்லாத பக்கத்துக்கு இடம் விடுவதுபோல. பதினொன்று. பிரகாசி மூச்சு எடுக்கும் இடம். இதைத்தான் நான் பிடிக்கவேண்டும், இதை மட்டும்தான் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பன்னிரண்டு, எவ்வளவு குரல் இருக்கிறதோ அவ்வளவையும், பதின்மூன்று, அன்று மூடிக்கொண்டேனே அதையும் சேர்த்து, பதினான்கு, பதினைந்து. கம்பிக்கு அந்தப் பக்கம் பூமுடி லேசாக நிமிர்ந்தது. பதினாறு. பதினேழு வந்தது, அந்தப் படி, அந்த நிற்பு, எடுத்துக்கொள், யாருக்கும் தெரியாது. தாண்டிவிட்டாள். இருபது. நெஞ்சில் இன்னும் கொஞ்சம் இருந்தது. பழகிய ஐந்தும் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டன, பாடிவிடலாம், இருபத்தெட்டு, முப்பதுவரைகூடத் தள்ளிவிடலாம். இருபத்தொன்று. அது என் சட்டை இல்லை. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. முழங்கையை மெல்ல வெளியே அழுத்தினாள், காற்றில். நான் போகிறேன். வாய் மூடினாள்.

மின்விசிறி சுற்றியது. இருபத்துநான்கு யாரும் இல்லாமல் போனது. அந்த ஒரு சுரத்தின் அகலத்துக்குள் சலேத்துக்குக் குழந்தை இருமுவது கேட்டது, சைக்கிள் கேட்டது, போர்வையிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. மரியதங்கம் நிமிர்ந்து பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பாவம், மறந்துவிட்டது பிள்ளைக்கு என்று யாரோ நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவள் மூச்சை இழுத்தாள், ஒளிக்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி. இருபத்தைந்தில் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ரொம்ப நாள் திறக்காத குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வருவதுபோல, முதலில் மூச்சு, பிறகு குரல், லேசாக மூக்கில் இழைகிற குரல். ஒரு சுரம் தாமதம். இருபத்தாறு. ஒரு கறுப்பு முக்காடு திடுக்கிட்டுத் திரும்பியது. இருபத்தேழு. “எம் பிள்ளடீ” என்றார் மரியதங்கம், மெதுவாக அல்ல. இருபத்தெட்டில் சலேத் சேர்ந்துகொண்டாள், கடைசிச் சுரத்தில் வந்து சேரவேண்டும் என்பதுதானே முறை. அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். முன்பெல்லாம் அதற்கப்புறமும் இருவரும்தான் ஏறுவார்கள். பிரகாசி இருபத்தெட்டோடு நின்றுவிட்டாள், தலையைக் குனிந்துகொண்டாள். மீதிப் பதின்மூன்றும் சலேத்துடையவை. நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. ஏறினாள்.